‘மறுபடியும் எப்போது வருவீர்கள்?’

கம்போடியாவுக்கு ஒன்பது நாள் ஊழியப் பயணம் சென்று திரும்பிய பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவரின் அனுபவப் பகிர்வு

ஜூன் விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை. சாங்கி விமான நிலையத்தில் நாங்கள் 14 பேர் ஒரே நிறச் சட்டையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களைச் சுற்றி ஆறு அட்டைப் பெட்டிகள். நோட்டுப் புத்தகங்கள், வண்ணப் பென்சில்கள், பல் துலக்கிகள், காலணிகள் என்று இரண்டு மாதங்களாகச் சேர்த்த பொருள்கள் அவற்றில் இருந்தன. எங்கள் தேவாலயத்தின் வாலிபர் குழு கம்போடியாவுக்கு மேற்கொண்ட ஊழியப் பயணம் அது. எனக்கு அதுவே முதல் பயணம்.

புறப்படுவதற்கு முன் இரண்டு பேர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். முதலாமவர் கல்லூரித் தோழி. அவர் இந்து. நாங்கள் உயர்நிலை ஒன்றிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். “உண்மையைச் சொல்லு, மதம் மாத்தத்தானே போறீங்க?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. “இல்ல, பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போறோம்” என்றேன். அது முழுப் பதில் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது கேள்வி பாட்டியுடையது. “கொடுக்கப் போறியா, பாக்கப் போறியா?” என்றார். “கொடுக்கத்தான் பாட்டி” என்றேன் தயங்காமல்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பியபோது இரண்டு பதில்களுமே மாறிவிட்டன. அது எப்படி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிக்கூடமாக இருந்த சிறை

சிங்கப்பூரிலிருந்து நோம்பென் நகருக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கிராமத்துக்குப் போகுமுன் எங்கள் குழுத் தலைவர் எங்களைத் துவோல் ஸ்லெங் அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு காலத்தில் அது உயர்நிலைப் பள்ளி. கெமர் ரூஜ் ஆட்சியில் அதைச் சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் மாற்றினார்கள். வகுப்பறைகளில் கரும்பலகை இன்னும் இருக்கிறது. அதன் எதிரே இரும்புக் கட்டில்.

1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை நான்கு ஆண்டுகூட நீடிக்காத அந்த ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. படித்தவர்கள் குறிவைக்கப்பட்டார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது பசியாலும் நோயாலும் மாண்டார்கள். வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோன செய்தி அன்று வேறு மாதிரி இருந்தது. ‘இந்த நாட்டில் ஏன் ஆசிரியர் பற்றாக்குறை, ஏன் வறுமை’ என்று பயணத்துக்கு முந்திய கூட்டங்களில் நாங்கள் எளிதாகப் பேசியிருந்தோம். சோம்பல், அறியாமை என்று ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தபோது எல்லாரும் தலைகுனிந்தோம். ஒரு தலைமுறை ஆசிரியர்களை இழந்த நாடு மீண்டும் எழுந்து பள்ளிக்கூடம் நடத்துகிறது என்பதே வியப்புக்குரியது.

எந்த நாட்டுக்குப் போனாலும் அதன் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இது முதல் பாடம்.

க, ங, ச, ஞ

நாங்கள் தங்கிய கிராமம் கம்போங் சனாங் மாநிலத்தில் இருக்கிறது. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ‘கம்போங்’ என்ற சொல் நமக்கும் பழக்கமானதுதான். கெமர் மொழியில் அது ஆற்றுத்துறையைக் குறிக்கும். ‘சனாங்’ என்றால் பானை. மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற மாநிலம் அது. மழைக்காலம் தொடங்கி, வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்புகளில் வரிசை வரிசையாகப் பனைமரங்கள். பனைதான் கம்போடியாவின் தேசிய மரம். தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே. நுங்கை எப்படிச் சாப்பிடுவது என்று கற்றுக்கொடுக்க வந்த கிராமத்துப் பையன், நான் விரலால் தோண்டி எடுத்ததைப் பார்த்து ஏமாந்துபோனான். பாட்டி வீட்டில் பழகியது.

கம்போடியாவின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் காலையிலோ மாலையிலோ அரை நாள்தான் படிக்கிறார்கள். மீதி அரை நாளில் கிராமத்துத் தேவாலயம் ஒரு துணை வகுப்பு நடத்துகிறது. அதில்தான் நாங்கள் ஐந்து நாள் ஆங்கிலம் கற்பிப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் இடைவேளையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தாள். குச்சியால் மண்ணில் எழுதி உரக்கப் படித்தாள். கெமர் அரிச்சுவடி. ஐந்தாவது எழுத்துக்கு வந்தபோது அவள் ‘ஙோ’ என்றாள். பத்தாவது எழுத்து ‘ஞோ’. க-வில் தொடங்கி ங-வில் முடியும் வரிசை, ச-வில் தொடங்கி ஞ-வில் முடியும் வரிசை. ‘க, ங, ச, ஞ’ என்று நான் முணுமுணுத்ததும் அவள் கைதட்டிச் சிரித்தாள். கெமர் எழுத்து தென்னிந்தியாவின் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து உருவானது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். காலம் தெரிந்த கெமர்க் கல்வெட்டுகளில் மிகப் பழையது கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

எண்களையும் அவளே கற்றுக்கொடுத்தாள். ஐந்து ‘பிராம்’. ஒன்று ‘முவோய்’. ஆறுக்குத் தனிச் சொல் இல்லை. ‘பிராம்-முவோய்’, ஐந்தும் ஒன்றும். நான் ஒவ்வொரு முறை தவறாகச் சொன்னபோதும் பொறுமையாகத் திருத்தினாள். எனக்கு அவள் ஆசிரியை. நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததோ ஓர் ஆட்டப்பாட்டு மட்டும். அதுவும் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏற்கெனவே வந்த வேறொரு குழு கற்றுக்கொடுத்ததாம்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

கடைக்கார அக்காளின் நோட்டுப் புத்தகங்கள்

மூன்றாம் நாள் எங்கள் பெட்டிகளைத் திறந்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு நான்கு நோட்டுப் புத்தகங்கள், ஒரு பென்சில் பெட்டி. படங்கள் எடுத்தோம். எல்லார் முகத்திலும் மகிழ்ச்சி.

அன்று மாலை, தண்ணீர்ப் போத்தல் வாங்க வகுப்புக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போனேன். கடையில் கயிற்றில் நோட்டுப் புத்தகங்கள் தொங்கின. ஒன்று ஆயிரம் ரியெல். நான்காயிரம் ரியெல் ஏறத்தாழ ஓர் அமெரிக்க டாலர். கணவரை இழந்த அந்த அக்காள் இரண்டு பிள்ளைகளை அந்தக் கடை வருமானத்தில்தான் வளர்க்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்ததே நோட்டும் பென்சிலும் விற்கத்தான். இனி சில மாதங்களுக்கு அவரிடம் யார் வாங்குவார்கள்?

கிராமத்துப் போதகரிடம் இதைச் சொன்னேன். அவர் மெல்லச் சிரித்தார். “நீங்களே கவனித்துவிட்டீர்கள். அடுத்த முறை பெட்டி வேண்டாம். அந்தப் பணத்தில் அவர் கடையிலேயே வாங்குங்கள்” என்றார். “முன்பே சொல்லியிருக்கலாமே” என்றேன். “அன்போடு தூக்கிவந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?” என்றார்.

கொடுப்பவர் மனம் நோகக்கூடாது என்று பெறுபவர் பேசாமல் இருந்துவிடுகிறார். அதனால் கொடுப்பவருக்குத் தம் தவறு தெரிவதே இல்லை. முன்கூட்டிக் கேட்பது நம் பொறுப்புதான்.

துணை வகுப்பு ஆசிரியரிடமிருந்தும் இதேபோன்ற செய்தி கிடைத்தது. எங்களைப் போன்ற குழு வரும்போதெல்லாம் அவர் தம் பாடத்தை நிறுத்திவிட வேண்டியிருக்கிறது. நாங்கள் போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால், பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் இல்லாத பாடம் கசக்கிறது. நான்காம் நாளிலிருந்து நாங்கள் முறையை மாற்றினோம். அவர் பாடம் நடத்தினார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர் கேட்டபோது மட்டும் உச்சரிப்புக்கு உதவினோம். அந்த இரண்டு நாள்தான் எங்களால் உண்மையான பயன் கிடைத்த நாள்கள் என்று நினைக்கிறேன்.

அழித்த படம்

என் தோளில் சாய்ந்து அந்தச் சிறுமி சிரிக்கும் படம் ஒன்றை இன்ஸ்டகிராமில் போட்டிருந்தேன். சேறு படிந்த கால்கள், கிழிந்த சட்டை. கீழே உருக்கமாக இரண்டு வரி. ஒரே இரவில் ஏராளமான விருப்பக்குறிகள்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் நோம்பென்னில் படிக்கும் பல்கலைக்கழக மாணவி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அங்கே மூத்தவர்களை ‘போங்’ என்றும் இளையவர்களை ‘ஓன்’ என்றும் அழைப்பது வழக்கம். அவர் எனக்குப் போங், நான் அவருக்கு ஓன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஓன், உன் தம்பி விளையாடிவிட்டு அழுக்கோடு நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினால் உன் அம்மா சம்மதிப்பாரா?”

எனக்குப் பதில் இல்லை. அந்தச் சிறுமி அன்று வயலில் அம்மாவுக்கு உதவிவிட்டு நேரே வந்திருந்தாள். பள்ளிக்குப் போகும்போது வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போவாள். நான் அந்தக் கோலத்தைப் படம் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது. வறுமை தெரிந்தால்தான் என் பயணம் பெரிதாகத் தெரியும்.

படத்தை அழித்தேன். மறுநாள் அவள் தாயாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். இந்தக் கட்டுரையில் அவள் பெயரையோ கிராமத்தின் பெயரையோ குறிப்பிடாததற்கு இதுவே காரணம்.

பிள்ளைகள் காட்சிப்பொருள் அல்லர்

பயணத் திட்டத்தில் ஏன் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுகூட இல்லை என்று நான் ஆரம்பத்தில் குழுத் தலைவரிடம் குறைப்பட்டேன். அவர் சொன்ன செய்தியை இளையர் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

கம்போடியாவின் ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் ஏறத்தாழ மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தது 2011இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டூழியர்களின் நன்கொடையை நம்பி இல்லங்கள் பெருகின. இல்லங்கள் பெருகப் பெருக, ஏழைப் பெற்றோர் படிப்புக்காகவும் சாப்பாட்டுக்காகவும் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். அதாவது, உதவ வந்தவர்களின் வருகையே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. அதே 2011இல் ‘பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர்’ என்ற விழிப்புணர்வு இயக்கம் யுனிசெப்பின் ஆதரவுடன் அங்கே தொடங்கப்பட்டது.

நல்லெண்ணம் மட்டும் போதாது. நல்லெண்ணம் எங்கே போய் முடிகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மதம் மாற்றவா?

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன்.

கம்போடியாவில் பௌத்தமே அரசு மதம். மற்ற மதத்தினருக்கும் வழிபாட்டு உரிமை உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய் மதப் பிரசாரம் செய்யவும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் சொல்லவும் தடை இருக்கிறது. இதைக் குழுத் தலைவர் எங்களுக்கு முன்பே விளக்கியிருந்தார்.

ஐந்தாம் நாள், தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவரின் வீட்டுக்குப் போதகருடன் சென்றோம். மரத்தூண்களின் மேல் எழுப்பிய வீடு. உள்ளே புத்தர் படம், ஊதுபத்தி. கூரையிலிருந்து மழைநீரைப் பெரிய சால்களில் சேர்க்கும் தகரக் குழாய் உடைந்துபோயிருந்தது. போதகர் ஏணி வைத்து ஏறி அதைச் சரிசெய்தார். எங்கள் பையன்கள் இருவர் உதவினார்கள். ஒரு பை அரிசி கொடுத்தோம். மூதாட்டி எங்களுக்கு வாழைப்பழம் கொடுத்தார். கால் வலி பற்றிப் பேசினார்கள், பேரன் பற்றிப் பேசினார்கள். அவ்வளவுதான். கிளம்பிவிட்டோம்.

வழியில் நான் கேட்டேன்: “ஏன் நீங்கள் அவரிடம் இயேசுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை?”

போதகர் நின்றார். 1975இல் அவருக்கு எட்டு வயது. தந்தையையும் இரண்டு அண்ணன்மாரையும் இழந்தவர். “20 ஆண்டுகளாக அவருக்கு என்னைத் தெரியும். நான் எதை நம்புகிறேன் என்பதும் தெரியும். கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேட்பார். அரிசிப் பையை முன்னால் வைத்துவிட்டு நான் பேசினால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி எங்கே இருக்கிறது? வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசக்கூடாது. எங்கள் நாட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது” என்றார்.

நான் என் நம்பிக்கையை மறைக்கவில்லை. காலையில் ஜெபித்தோம், ஞாயிற்றுக்கிழமை கிராமத்து மக்களோடு ஆராதனையில் கலந்துகொண்டோம், கேட்டவர்களுக்குச் சொன்னோம். ஆனால் நம்பிக்கையைப் பகிர்வதற்கும் திணிப்பதற்கும் இடையே உள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் அந்தப் போதகர்தான். பல இன, பல சமயச் சமுதாயத்தில் வளர்ந்த எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாது என்ற பதில்

கடைசி நாள் மாலை. அந்தச் சிறுமி பனையோலையில் பின்னிய ஒரு சிறிய மீனை என் கையில் வைத்தாள். “மறுபடியும் எப்போது வருவீர்கள்?” என்று கேட்டாள்.

“டிசம்பரில்” என்றேன் உடனே. அந்த நேரத்தில் அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

போங் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “நிச்சயமாக வருவாயா? இதற்கு முன் வந்த அக்காளும் டிசம்பர் என்றுதான் சொன்னார். இவள் நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தாள்.”

டிசம்பரில் எனக்கு வேலைப் பயிற்சி. வர முடியாது என்பது எனக்கே தெரியும். தொண்டை அடைத்தது. “தெரியாது. வர முடிந்தால் முன்பே சொல்லி அனுப்புகிறேன்” என்றேன். போங் அதைச் சொன்னார். சிறுமியின் முகம் வாடியது. ஆனால் தலையசைத்தாள். ஒன்பது நாளில் நான் அவளிடம் பேசிய மிக நேர்மையான சொல் அதுதான்.

13 ஆண்டும் 9 நாளும்

ஞாயிறு பள்ளியில் சீகன்பால்கு பற்றிப் படித்திருக்கிறேன். 1706இல் 24 வயதை எட்டும் தறுவாயில் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்தவர். வந்ததும் அவர் பிரசங்கம் செய்யவில்லை. செய்யவும் முடியாது, மொழி தெரியாதே. சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சேறி முடிந்தது. 1719இல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். ஏறத்தாழ 13 ஆண்டுகள்.

கம்போடிய மண்ணில் குச்சியால் எழுதக் கற்றபோது அவர் நினைவு வந்தது. ஆனால் எனக்கு இருந்தது 9 நாள். ஒன்பது நாளில் யாரும் ஒரு கிராமத்தை மாற்றிவிட முடியாது. மாற்றிவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்து.

அப்படியானால் போகவே கூடாதா? ஆளுக்கு 1,100 வெள்ளி செலவு செய்து போவதற்குப் பதில் அந்தப் பணத்தை அனுப்பியிருக்கலாமே என்று நானும் போதகரிடம் கேட்டேன். “பணமும் தேவைதான். ஆனால் நீங்கள் வரும்போது நாங்கள் உங்களுக்குச் சமைக்கிறோம், பாய் விரிக்கிறோம், எங்கள் மொழியைக் கற்றுக்கொடுக்கிறோம். எப்போதும் வாங்குகிறவர்களாகவே இருந்த எங்களுக்கு, கொடுப்பதற்கும் ஒரு வாய்ப்பு” என்றார். போவது தவறில்லை. நாம்தான் கொடுக்கிறோம் என்ற எண்ணத்தோடு போவதுதான் தவறு.

புறப்படும் முன் கேளுங்கள்

சமயக் குழுவோடு போனாலும் பள்ளியின் வெளிநாட்டுச் சமூக சேவைத் திட்டத்தில் போனாலும், மாணவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் புறப்படலாம்:

• இந்த வேலை வேண்டும் என்று கேட்டவர்கள் அந்த ஊர் மக்களா, நாமா?
• நாம் செய்யப்போகும் வேலையைச் செய்து பிழைப்பவர் அங்கே யாராவது இருக்கிறார்களா?
• நாம் கொண்டுபோகும் பொருளை அங்கேயே வாங்க முடியுமா?
• அந்நாட்டின் வரலாறு, சட்டம், முகமன், பத்துச் சொற்களாவது நமக்குத் தெரியுமா?
• படம் எடுக்கச் சம்மதம் கேட்டோமா? நம் தம்பி தங்கை படமாக இருந்தால் போடுவோமா?
• நாம் திரும்பிய பிறகு அந்த வேலையைத் தொடர்பவர் யார்? அவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

திரும்பி வந்தபின்

தேவாலயத்தில் சாட்சி சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நோட்டுப் புத்தகக் கடையையும் அழித்த படத்தையும் பற்றிப் பேசினேன். முதலில் அமைதி. பிறகு மூத்தவர்கள் உட்காரச் சொல்லி நெடுநேரம் பேசினார்கள். ஆண்டுக்கு ஒரு நாடு என்று போவதை விட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இந்த ஒரு கிராமத்தோடு மட்டும் தொடர்பு வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. 14 பேருக்குப் பதில் நான்கைந்து பேர் போவார்கள். மிஞ்சும் பணம் அந்தத் துணை வகுப்பு ஆசிரியரின் பயிற்சிக்கு. அடுத்த முறை போகும் குழுவில் நான் இல்லாமலும் போகலாம். பரவாயில்லை.

தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூதாட்டி வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் போதகர மாதிரி ஆளுங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார். இப்போது நாங்கள் இருவரும் புதன்கிழமை மாலைகளில் எங்கள் வட்டாரத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணிதமும் சொல்லிக்கொடுக்கிறோம். விமானம் ஏற வேண்டியதில்லை. வீவக புளோக்கின் கீழ்த்தளத்துக்கு மின்தூக்கியில் இறங்கினால் போதும்.

பாட்டி சிறுமியாக ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, உபதேசியார் ஒருவர் ஞாயிறுதோறும் மிதிவண்டியில் வருவாராம். மழையானாலும் வருவாராம். “அவரு கொடுத்த மிட்டாய் என்ன மிட்டாய்னு ஞாபகம் இல்ல. ஆனா அத்தன பிள்ளைங்க பேரையும் ஞாபகம் வச்சிருப்பாரு” என்று பாட்டி சொன்னார். பிறகு, “நீ சொல்லிக்கொடுக்கிற பிள்ளைங்க பேரெல்லாம் தெரியுமா?” என்று கேட்டார்.

பதினோரு பேர். எல்லார் பெயரும் தெரியும் என்றேன்.